‘நீ யார்?’ என்று கணிப்பொறியைக் கேட்டால்

சென்ற ஆண்டு செய்முறைத் தேர்வுக்கு முதல் நாள் மாலை எங்கள் துறை ஆய்வகத்தில் நடந்த ஒரு சிறு நிகழ்ச்சியே இக்கட்டுரைக்குக் காரணம். நானும் என் நண்பர் இருவரும் பல மாதம் உழைத்து எழுதிய புராஜெக்ட் நிரல், என் அண்ணனுடைய கணிப்பொறியில் ஒரு தடங்கலும் இன்றி ஓடிக்கொண்டிருந்தது. அங்கேயே கம்பைலர் கொண்டு தொகுத்து, அப்படியே ஆய்வகத்துக்குக் கொண்டுவந்து இயக்கினோம். திரையில் ஒரே ஒரு வரி தோன்றியது: ‘இல்லீகல் இன்ஸ்ட்ரக்‌ஷன்’. செல்லாத ஆணை என்று பொருள். அத்துடன் நிரல் நின்றுவிட்டது. மறுநாள் காலை பத்து மணிக்கு வெளித்தேர்வாளர் வருகிறார். எங்கள் நிலைமையைச் சொல்லவும் வேண்டுமா?

இரண்டு கணிப்பொறிகளும் ஒரே இனம் என்று நாங்கள் நம்பியிருந்தோம். நம்புவதற்கு ஆதாரமும் வைத்திருந்தோம். இரண்டிலும் இருப்பது லினக்ஸ். இரண்டிலும் ‘யூநேம் -எம்’ என்ற கட்டளையைக் கொடுத்தால் ‘எக்ஸ்86_64’ என்ற அதே விடைதான் வந்தது. எங்கள் ஆய்வகப் பொறுப்பாசிரியர் வந்து பார்த்தார். அவர் முகத்தில் கவலை ஏதும் தெரியவில்லை.

“எக்ஸ்86_64 என்று உங்களுக்குச் சொன்னது யாரப்பா?” என்று கேட்டார்.

“கணிப்பொறிதான் சார்” என்றேன்.

“கணிப்பொறியில் யார்? செயலியா, இயக்க முறைமையா?”

எனக்கு விடை தெரியவில்லை. அன்றிரவும், தேர்வு முடிந்த பின்னும், அந்த விடையைத் தேடிப் படித்தவற்றையே இங்கு நண்பர்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

‘யூநேம்’ என்பது யுனிக்ஸ் குடும்பத்தைச் சேர்ந்த பழைய கட்டளை. பெல் ஆய்வுக்கூடத்தின் பிடபிள்யூபி யுனிக்ஸ் என்ற 1977ஆம் ஆண்டுப் பதிப்பில் அது முதன்முதலாகத் தோன்றியது. பின்னர் 1988இல் வகுக்கப்பட்ட போசிக்ஸ் தரநிர்ணயத்திலும் இடம்பெற்றது. அதன்படி, கேட்கும் நிரலுக்கு இயக்க முறைமை ஐந்து செய்திகளைத் தரவேண்டும்: முறைமையின் பெயர், வலையமைப்பில் அக்கணிப்பொறிக்கு உள்ள பெயர், வெளியீடு, பதிப்பு, பொறியின் வகை. ஐந்து பெட்டிகள் இருக்கவேண்டும் என்று விதித்தவர்கள், ஐந்தாம் பெட்டிக்குள் என்ன எழுதவேண்டும் என்று விதிக்கவில்லை. அதை அந்தந்த முறைமையைச் செய்பவரின் விருப்பத்துக்கு விட்டுவிட்டார்கள்.

விளைவைக் கேளுங்கள். சன் நிறுவனத்தின் சோலாரிஸில், அல்ட்ராஸ்பார்க் செயலி உள்ள பொறியிடம் ‘-எம்’ என்று கேட்டால் ‘சன்4யூ’ என்று விடை வரும். ‘-பி’ என்று கேட்டால் ‘ஸ்பார்க்’ என்று வரும். அதே சோலாரிஸ் இன்டெல் வகைப் பொறியில் இருந்தால் முறையே ‘ஐ86பிசி’, ‘ஐ386’. உள்ளே 64 பிட் கரு ஓடிக்கொண்டிருந்தாலும் ‘ஐ386’தான்! ஐபிஎம் நிறுவனத்தின் ஏஐஎக்ஸ் முறைமையில் ‘-எம்’ கேட்டால் பொறியின் வகையே வராது. அந்தத் தனிப் பொறிக்குரிய பன்னிரண்டு இலக்க அடையாளம் வரும். ஊர் எது என்று கேட்டால் வீட்டு எண்ணைச் சொல்வது போல. பவர்பிசி செயலி கொண்ட பழைய ஆப்பிள் கணிப்பொறிகளோ ‘பவர் மாக்கின்டாஷ்’ என்று நடுவில் இடைவெளி விட்டு இரண்டு சொற்களாக விடை தந்தன. ஒரே சொல்தான் வரும் என்று நம்பி எழுதப்பட்ட ஷெல் நிரல்கள் இடறி விழ அந்த ஓர் இடைவெளி போதும்.

போசிக்ஸில் இல்லாத ‘-பி’, ‘-ஐ’ ஆகிய இரண்டு கேள்விகளையும் குனு அமைப்பினரின் யூநேம் ஏற்றுக்கொள்கிறது. ஆனால் லினக்ஸில் பெரும்பாலும் அதற்கு வரும் விடை ‘அன்னோன்’. தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் அந்த நேர்மை எனக்குப் பிடித்திருக்கிறது.

இந்தக் குழப்பத்தைச் சமாளிக்க ‘கான்ஃபிக்.கெஸ்’ என்ற ஒரு ஷெல் நிரலை குனு திட்டத்தில் பெர் போத்னர் என்பவர் எழுதினார். 1992 முதல் வளர்ந்துவரும் அந்நிரல் இன்று ஆயிரம் வரிகளைத் தாண்டிவிட்டது. அதன் வேலை ஒன்றுதான்: யூநேம் சொல்லும் பலவகை விடைகளைப் பார்த்து, ‘இன்ன செயலி, இன்ன தயாரிப்பாளர், இன்ன முறைமை’ என்று ஒரே வாய்பாட்டில் சொல்வது. நிரலின் பெயரிலேயே ‘ஊகம்’ என்ற சொல் இருப்பதைக் கவனியுங்கள். ‘நீ யார்?’ என்ற ஒரு கேள்விக்கு ஆயிரம் வரி தேவைப்படுகிறது.

இனி ஆசிரியர் கேட்ட கேள்விக்கு வருவோம். லினக்ஸில் ‘எக்ஸ்86_64’ என்று சொன்னது செயலி அன்று. கருவை, அதாவது கெர்னலை, தொகுக்கும்போதே அந்தச் சொல் அதற்குள் எழுதி வைக்கப்படுகிறது. யூநேம் அதை எடுத்துப் படிக்கிறது, அவ்வளவே. ஆகவே அது கரு தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொள்ளும் செய்தி. 64 பிட் செயலியின் மேல் 32 பிட் லினக்ஸை நிறுவினால் யூநேம் ‘ஐ686’ என்றுதான் சொல்லும். அதைப் பார்த்து ‘நம் கணிப்பொறி பழசு, 64 பிட் தாங்காது’ என்று முடிவு கட்டியவர்கள் எங்கள் விடுதியிலேயே உண்டு. அவர்கள் ‘ப்ராக்’ அடைவில் உள்ள ‘சிபியுஇன்ஃபோ’ கோப்பைத் திறந்து, ‘ஃபிளாக்ஸ்’ என்ற வரியில் ‘எல்எம்’ என்ற இரண்டெழுத்து இருக்கிறதா என்று பார்த்திருந்தால் போதும். ‘லாங் மோடு’ என்பதன் சுருக்கம் அது. செயலி 64 பிட் திறன் கொண்டது என்பதற்கு அதுவே சான்று.

இதற்கு நேர்மாறான நிலையும் உண்டு. ராஸ்பெர்ரி பை 4இல் 32 பிட் முறைமையை நிறுவினாலும், கரு மட்டும் 64 பிட்டாக எழுந்து நிற்பது இப்போதைய வழக்கம். யூநேம் ‘ஏஆர்ச்64’ என்கிறது. அதை நம்பி 64 பிட் நிரலைக் கொண்டுவந்து போட்டால் அதற்கு வேண்டிய நூலகக் கோப்புகள் அங்கே இல்லை. ‘கெட்கான்ஃப் லாங்_பிட்’ என்று கேட்டால்தான் ‘32’ என்ற உண்மை வெளிவருகிறது. ஆகச் செயலி ஒன்று, கரு ஒன்று, அதன்மேல் ஓடும் நிரல்கள் ஒன்று. மூன்றுக்கும் தனித்தனி விடை இருக்கக்கூடும். எதைக் கேட்கிறோம் என்பதைக் கேட்பவர்தான் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

சரி, செயலியையே நேரில் கேட்கலாமே என்று தோன்றும். அதன் கதை இன்னும் சுவையானது. இன்டெல்லின் 8086, 286, 386 ஆகியவற்றுக்குத் தம் பெயரைச் சொல்லத் தெரியாது. சந்தையில் மாடு பிடிப்பவர் வயதை மாட்டிடம் கேட்பதில்லை. பல்லைப் பிடித்துப் பார்க்கிறார். அக்கால நிரலாளர்கள் செய்ததும் அதுவே. செயலிக்குள் ‘ஃபிளாக்ஸ்’ என்றொரு பதிவகம் உண்டு. அதன் 12 முதல் 15 வரையுள்ள பிட்களை மாற்ற முயல வேண்டும். என்ன செய்தாலும் அவை 1 ஆகவே நின்றால் அது 8086. இயல்பு நிலையில் எப்போதும் 0 ஆகவே நின்றால் அது 286. இரண்டும் இல்லை என்றால் 18ஆம் பிட்டைத் தட்டிப் பார்க்க வேண்டும். அசையவில்லை என்றால் 386. அசைந்தால் 486 அல்லது அதற்குப் பிந்தியது. இறுதியாக 21ஆம் பிட். அது அசைந்தால் கவலை தீர்ந்தது: அந்தச் செயலிக்குத் தன் பெயரைச் சொல்லத் தெரியும்.

அப்படிச் சொல்லவைக்கும் ஆணையின் பெயர் ‘சிபியுஐடி’. 1993இல் வந்த பென்டியத்திலும், 486இன் பிற்காலப் பிரதிகளிலும் அது சேர்க்கப்பட்டது. இஏஎக்ஸ் பதிவகத்தில் 0 வைத்து அவ்வாணையை நிறைவேற்றினால், மூன்று பதிவகங்களில் நான்கு நான்கு எழுத்தாகப் பன்னிரண்டு எழுத்துகள் நிரம்பும். இன்டெல் செயலி ‘ஜென்யுயின் இன்டெல்’ என்று தன்னைச் சொல்லிக்கொள்ளும். ஏஎம்டி ‘அத்தென்டிக் ஏஎம்டி’ என்னும். இருவருமே ‘அசல்’ என்கிறார்கள். சைரிக்ஸ் என்ற நிறுவனத்தார் மட்டும் ‘சைரிக்ஸ் இன்ஸ்டெட்’, அதாவது ‘அதற்குப் பதில் சைரிக்ஸ்’, என்று எழுதி வைத்தார்கள். பன்னிரண்டு எழுத்துக்குள் ஒரு வியாபாரப் போட்டியே அடங்கிவிட்டது.

இஏஎக்ஸில் 1 வைத்துக் கேட்டால் குடும்ப எண், மாதிரி எண் முதலியவை வரும். 486க்குக் குடும்ப எண் 4, பென்டியத்துக்கு 5, பென்டியம் புரோவுக்கு 6. ‘586’ என்று பெயரிடாமல் பென்டியம் என்று பெயர் வைத்ததற்குக் காரணம், வெறும் எண்ணை வணிகச் சின்னமாக உரிமை கொண்டாட முடியாது என்று அமெரிக்க நீதிமன்றம் ஒன்று 1991இல் கூறியதுதான். ஆனால் லினக்ஸ் கரு எண்ணை விடவில்லை. ‘ஐ386’ என்ற சொல்லின் இரண்டாம் எழுத்தை எடுத்துவிட்டு அங்கே குடும்ப எண்ணை வைத்தது. ‘ஐ486’, ‘ஐ586’, ‘ஐ686’ என்ற பெயர்கள் அப்படி வந்தவையே. பென்டியம் 4இன் குடும்ப எண் 15. ஆஸ்கி அட்டவணையில் 0 என்ற எழுத்தின் எண் 48. அதனுடன் 15ஐக் கூட்டினால் 63. அது கேள்விக்குறியின் எண்! அப்படியே விட்டிருந்தால் அக்கணிப்பொறிகள் தம்மை ‘ஐ?86’ என்று அறிமுகப்படுத்திக் கொண்டிருக்கும். 6க்கு மேற்பட்டதை எல்லாம் 6 என்றே கொள்க என்று கருவில் எழுதி வைத்திருக்கிறார்கள். இதைத் தாளில் கூட்டிப் பார்த்து நான் தனியே சிரித்துக்கொண்டேன்.

64 பிட் வந்ததும் பெயர் விவகாரம் மீண்டும் கிளம்பியது. அந்த வடிவமைப்பை உருவாக்கியது ஏஎம்டி. 2003இல் ஆப்டெரான் செயலியுடன் சந்தைக்கு வந்தது. டெபியனும் ஃப்ரீபிஎஸ்டியும் ‘ஏஎம்டி64’ என்கின்றன. லினக்ஸ் கரு ‘எக்ஸ்86_64’ என்கிறது. மைக்ரோசாஃப்ட் ‘எக்ஸ்64’ என்று சுருக்கிக்கொண்டது. மூன்றும் ஒன்றே. இன்டெல் செயலி வைத்திருப்பவர் ‘ஏஎம்டி64’ என்ற கோப்பைப் பார்த்து, ‘இது நமக்கல்ல’ என்று விலகிப்போவது இன்றும் நடக்கிறது.

சில வேளைகளில் இயக்க முறைமை தெரிந்தே பொய் சொல்லும். விண்டோஸில் ‘பிராசசர்_ஆர்க்கிடெக்சர்’ என்ற சூழல் மாறி இருக்கிறது. 64 பிட் விண்டோஸில் ஓடும் 32 பிட் நிரல் அதைப் படித்தால் ‘எக்ஸ்86’ என்று வரும். உண்மையான ‘ஏஎம்டி64’ என்ற சொல் வேறொரு மாறியில் ஒதுக்கி வைக்கப்பட்டிருக்கும். பழைய நிரல் மிரண்டுவிடக் கூடாதே என்ற பரிவுதான் காரணம். (இதே பரிவினால் 64 பிட் கோப்புகள் ‘சிஸ்டம்32’ என்ற அடைவிலும், 32 பிட் கோப்புகள் ‘சிஸ்வாவ்64’ என்ற அடைவிலும் இருக்கின்றன. எழுத்துப்பிழை அன்று; அப்படித்தான் வைத்திருக்கிறார்கள்.) லினக்ஸில் ‘லினக்ஸ்32’ என்ற கட்டளையை முன்னால் போட்டு யூநேமைக் கேட்டால், 64 பிட் கருவே ‘ஐ686’ என்று நடிக்கும். ஆப்பிள் நிறுவனம் 2020இல் தன் சொந்தச் செயலிக்கு மாறியபோது, பழைய நிரல்களுக்காக ரொசெட்டா 2 என்ற மொழிமாற்றியைத் தந்தது. அதனுள் ஓடும் யூநேம் ‘எக்ஸ்86_64’ என்று கூசாமல் சொல்லும். வெளியே கேட்டால் ‘ஆர்ம்64’.

மெய்நிகர்ப் பொறிகளில் செயலியின் விடையையே இடையில் நிற்கும் மேற்பார்வை நிரல் மாற்றிக் கொடுக்க முடியும். ஆயினும் அங்கே ஒரு நாணயம் காக்கப்படுகிறது. சிபியுஐடி தரும் விடையில் ஒரு பிட்டை இதற்கென்றே ஒதுக்கியிருக்கிறார்கள். அது 1 ஆக இருந்தால் ‘நான் மெய்யான பொறி அல்லேன்’ என்று பொருள். ஐபிஎம்மின் பெரிய கணிப்பொறிகளில் இவ்வழக்கம் மிகப் பழையது. 1970இல் அறிமுகமான சிஸ்டம்/370இலேயே செயலியின் அடையாளத்தைக் கேட்கும் ‘ஸ்டிட்ப்’ என்ற ஆணை இருந்தது. விஎம் முறைமையின் கீழ் அதைக் கேட்டால், அடையாளத்தின் முதல் பகுதியில் பதினாறடிமான எண்ணில் ‘எஃப்எஃப்’ என்று வரும்.

இவையெல்லாம் தீங்கற்ற பொய்கள். ஆனால் ‘நீ யார்?’ என்ற கேள்வியே நியாயத்துக்கு மாறாகப் போன ஒரு வழக்கும் உண்டு. இன்டெல் நிறுவனத்தின் கம்பைலர் தொகுத்துத் தரும் நிரலுக்குள் வேகமான பாதை, மெதுவான பாதை என இரண்டும் இருக்கும். ஓடும் நேரத்தில் செயலியைப் பார்த்து இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும். அத்தேர்வு, செயலிக்கு அந்தத் திறமை உண்டா என்பதோடு நிற்காமல், ‘ஜென்யுயின் இன்டெல்’ என்ற பன்னிரண்டு எழுத்து இருக்கிறதா என்றும் பார்த்தது. திறமை இருந்தும் ஏஎம்டி செயலிகள் மெதுவான பாதைக்குத் தள்ளப்பட்டன. டென்மார்க்கைச் சேர்ந்த ஆக்னர் ஃபாக் என்ற அறிஞர் இதை ஆராய்ந்து விரிவாக எழுதியிருக்கிறார். 2008இல் வந்த வியா நானோ என்ற செயலியில் அந்தப் பன்னிரண்டு எழுத்தை மாற்றி வைக்க முடியும். இன்டெல் என்று பெயரை மாற்றியவுடன், ஒரு வேகச் சோதனை நிரலின் நினைவகப் பகுதியில் அதே செயலியின் மதிப்பெண் உயர்ந்தது! ஏஎம்டி 2005இல் தொடுத்த வழக்கின் குற்றச்சாட்டுகளில் கம்பைலர் பற்றியதும் ஒன்று. 2009 நவம்பரில் 125 கோடி டாலர் கொடுத்து இன்டெல் சமரசம் செய்துகொண்டது. அமெரிக்க வணிக ஆணையத்துடன் 2010இல் ஏற்பட்ட உடன்பாட்டின்படி, பிறர் செயலிகளுக்குத் தன் கம்பைலர் அதே அளவு மெருகு தராமல் போகலாம் என்பதை இன்டெல் வெளிப்படையாக அறிவிக்க வேண்டியதாயிற்று. ஊரையும் பேரையும் கேட்டுப் பந்தியில் இடம் போடுவது மனிதருக்கு மட்டும் உரிய குணம் என்று நினைத்திருந்தேன்.

கேட்க வேண்டியது ‘உனக்கு என்ன தெரியும்?’ என்பதே. எங்கள் நிரல் இடறியதும் அங்கேதான். அண்ணனின் கணிப்பொறியில் தொகுத்தபோது, வேகம் கூடும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, ‘-மார்ச்=நேட்டிவ்’ என்ற விருப்பத்தைக் கம்பைலருக்குக் கொடுத்திருந்தேன். ‘இந்தச் செயலிக்கு என்னென்ன ஆணைகள் தெரியுமோ அனைத்தையும் பயன்படுத்திக்கொள்’ என்று அதற்குப் பொருள். அச்செயலிக்கு ஏவிஎக்ஸ்2 தெரியும். ஒரே ஆணையில் எட்டு எண்களைக் கூட்டும். ஆய்வகக் கணிப்பொறியின் செயலிக்கு அது தெரியாது. குறைந்த விலைச் செயலிகள் சிலவற்றில், ஆண்டு புதிதாக இருந்தாலும், அவ்வசதியை அடைத்தே விற்றார்கள். இரண்டும் ‘எக்ஸ்86_64’ என்பதில் பொய் இல்லை. இருவரும் பட்டதாரிகள் என்பதுபோல அது உண்மை. என்ன பாடம் படித்தவர்கள் என்பது அதில் இல்லை.

ஏவிஎக்ஸ் விஷயத்தில் இன்னொரு நுட்பமும் உண்டு. செயலி ‘எனக்குத் தெரியும்’ என்று சொன்னால் மட்டும் போதாது. ஒரு நிரலை நிறுத்தி மற்றொன்றை ஓடவிடும்போது, அந்த 256 பிட் பதிவகங்களில் உள்ளவற்றைப் பத்திரப்படுத்த இயக்க முறைமைக்கும் தெரிந்திருக்க வேண்டும். தெரியாவிட்டால் ஒருவர் கணக்கு இன்னொருவர் கணக்கில் கலந்துவிடும். ஆகையால் முறையாக எழுதப்பட்ட நிரல், செயலியின் சம்மதத்தையும் முறைமையின் சம்மதத்தையும் தனித்தனியே சரிபார்க்கிறது. விண்டோஸ் 7க்கு இது 2011இல் வந்த முதல் சர்வீஸ் பேக்கில்தான் சேர்ந்தது.

இக்குழப்பத்தைக் குறைக்கவே 2020இல் ஏஎம்டி, இன்டெல், ரெட் ஹேட், சூசே ஆகியோர் கலந்து எக்ஸ்86-64க்கு நான்கு படிநிலைகளை வகுத்தார்கள். முதற்படி 2003இல் இருந்த அடிப்படை, மூன்றாம் படியில் ஏவிஎக்ஸ்2 வருகிறது, நான்காவதில் ஏவிஎக்ஸ்-512. ரெட் ஹேட் நிறுவனத்தின் 9ஆம் வெளியீடு (2022) இரண்டாம் படியையும், 10ஆம் வெளியீடு (2025) மூன்றாம் படியையும் கட்டாயமாகக் கேட்கின்றன. யூநேம் இன்னும் அந்தப் பழைய ஒற்றைச் சொல்லையே சொல்லிக்கொண்டிருக்கிறது.

அன்றிரவு நாங்கள் செய்த வேலை மிகச் சிறியது. அந்த விருப்பத்தை நீக்கிவிட்டு, ஆய்வகக் கணிப்பொறியிலேயே நிரலை மீண்டும் தொகுத்தோம். ஓடியது, அண்ணன் வீட்டில் ஓடிய வேகம் இல்லை, ஆனால் ஓடியது. காவலர் விளக்கை அணைக்க வந்தபோது மணி ஒன்பதரை.

மறுநாள் வெளித்தேர்வாளர் நிரலை இயக்கிப் பார்த்துவிட்டு, “இது எந்தக் கணிப்பொறியில் ஓடும்?” என்று இயல்பாகக் கேட்டார். நான் தொடங்கினேன். 386இன் பதினெட்டாம் பிட்டுக்கு வந்தபோது, “போதும் தம்பி, அடுத்தவரை அனுப்புங்கள்” என்றார்.